நல்லா கொதிக்க வச்சுக் குடு

அந்த மூன்று பால் பாட்டில்களையும் நான் குப்பை வண்டியில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிறவரின் பேத்திக்குக் கொடுத்தேன். விவரம் தெரியாமல் கொடுத்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை.

அவரை முத்தக்கா என்று வைத்துக்கொள்வோம். என்னைவிட மூன்று வயது மூத்தவர். எழுதும்போது ‘அக்கா’வும் ‘அவரு’ம் வந்துவிடுகின்றன, நேரில் இருபது வருடமாக வெறும் ‘முத்து’தான், ‘வா, போ’தான். அவர் என்னை ‘டீச்சர்’ என்பார். மதுரையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு 31 வருடம் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான்.

2017-இல் மகள் இரண்டாவது பிரசவத்துக்கு வருவதாக இருந்தது. ரிட்டயர் ஆன டீச்சருக்குப் பொழுது போக வேண்டாமா? கண்டதையும் படித்துக்கொண்டிருந்தேன். அப்படித்தான் ஒரு கட்டுரையில் பிபிஏ என்ற மூன்றெழுத்து கண்ணில் பட்டது. பிஸ்பீனால்-ஏ. பாலிகார்பனேட் என்கிற கண்ணாடி மாதிரியான கெட்டிப் பிளாஸ்டிக்கைச் செய்ய உதவும் மூலப்பொருள் என்று வகுப்பில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன பெயர். அதன் பூர்வ கதை எனக்குத் தெரியாது. 1930களில் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் என்பவர் செயற்கை ஈஸ்ட்ரோஜன் தேடி வரிசையாகப் பல பொருள்களை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். அந்த வரிசையில் இதுவும் இருந்தது. ஈஸ்ட்ரோஜன் வேலையைக் கொஞ்சம் செய்யவும் செய்தது. 1938-இல் அவருக்கே இதைவிடப் பல மடங்கு வீரியமான டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் கிடைத்துவிட்டதால் இதை மருந்தாக யாரும் சீண்டவில்லை. இருபது வருடம் கழித்து அதே மூலக்கூறு பிளாஸ்டிக்காக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

இன்னொரு சம்பவமும் படித்தேன். அதைப் படித்த ராத்திரி தூக்கமில்லை. 1998, அமெரிக்காவில் கிளீவ்லாந்து. பாட்ரீசியா ஹண்ட் என்ற ஆராய்ச்சியாளர் சுண்டெலிகளின் கருமுட்டையைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். சாதாரணமாக நூற்றுக்கு ஒன்றிரண்டு முட்டையில்தான் குரோமோசோம் கோளாறு இருக்கும். திடீரென்று 40-க்குப் போய்விட்டது. ஏன், ஏன் என்று தேடிக்கொண்டே போனதில், எலிக் கூண்டு கழுவுகிறவர் வழக்கமான சோப்புக்குப் பதிலாகத் தரை கழுவுகிற காரமான திரவத்தைப் போட்டுக் கழுவியிருந்தது தெரியவந்தது. கூண்டுகள் பாலிகார்பனேட். காரம் பட்டு எஸ்டர் பிணைப்பு அறுந்து பிபிஏ கசிந்திருக்கிறது. நீராற்பகுப்பு! காரமும் சூடும் இருந்தால் வேகம் கூடும் என்று நான் வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்ட அதே வினை. பிள்ளைகளை மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து பாலிகார்பனேட் ஜக்கில் ரசத்தை ஊற்றிவைத்தவள் நான்.

மூன்றாவதாகப் படித்ததுதான் இந்தக் கதைக்கு முக்கியம். 2008-இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஸ்காட் பெல்ச்சர் குழுவினர் பாலிகார்பனேட் தண்ணீர் பாட்டில்களைச் சோதித்தார்கள். பழைய பாட்டில், புது பாட்டில் என்ற வித்தியாசம் பெரிதாக இல்லை. கொதிக்கும் தண்ணீர் பட்டபோதுதான் பிபிஏ 55 மடங்கு வரை வேகமாக வெளியே வந்தது. அந்த 55 என்ற எண்ணைச் சமையலறை நாள்காட்டியில் சிவப்பு மையால் எழுதி வைத்தேன். அப்படியானால் எனக்குத் தெரிந்திருந்தது. தேதியோடு தெரிந்திருந்தது.

பிறகு வீட்டைச் சுத்தம் செய்யக் கிளம்பினேன். இருபது நாள் நடந்தது அந்த யாகம். கீறல் விழுந்த நான்-ஸ்டிக் தோசைக்கல் போனது. சாப்பாட்டு மேஜை மேல் கிடந்த பூப்போட்ட பிவிசி விரிப்பு போனது. பிவிசியை வளையச் செய்வதற்குச் சேர்க்கிற தாலேட் அதனோடு பிணைப்பில் இருப்பதில்லை, நடுவில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும், மெல்ல மெல்லக் கசிந்து வீட்டுத் தூசியில் சேரும் என்று கணவருக்கு ஒரு பாடமே எடுத்தேன். அவர் பீரோவில் இருந்த சென்ட் பாட்டிலையும் விடவில்லை. டப்பாவில் ‘வாசனைப் பொருள்’ என்று ஒற்றைச் சொல்லாகப் போட்டிருப்பதற்குள் என்னென்ன அடங்கியிருக்கும் தெரியுமா என்று கேட்டேன். அவர் பாவம், கல்யாண வீட்டுக்குப் போகிற அன்று மட்டும் அடித்துக்கொள்கிற மனிதர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. என் மாமியார் ஹார்லிக்ஸ் கண்ணாடி பாட்டில்களில்தான் மளிகை போட்டு வைத்திருந்தார். பரண் நிறையப் பித்தளைச் சம்படமும் எவர்சில்வர் தூக்கும் இருந்தன. கல்யாணமாகி வந்த புதிதில் அதெல்லாம் பட்டிக்காடு என்று பழைய விலைக்குப் போட்டுவிட்டுக் கலர் கலராக டப்பா வாங்கி அடுக்கியது சாட்சாத் நானேதான். இப்போது அந்த விலையைப் போல பல மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கினேன்.

மல்லித்தூளைக்கூட விடவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. 2011-இல் வெளியான ஒரு ஆய்வில், அமெரிக்காவில் 5 குடும்பங்களைச் சேர்ந்த 20 பேருக்கு மூன்று நாள் டப்பாவிலும் பிளாஸ்டிக்கிலும் அடைக்காத புதுச் சமையல் சாப்பாடு கொடுத்தார்கள். சிறுநீரில் பிபிஏ சராசரியாக மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. மூன்றே நாளில். எனக்கு ஒரே உற்சாகம். அப்புறம் 2013-இல் வந்த சியாட்டில் ஆய்வு. 10 குடும்பங்கள், ஒரு பாதிக்கு இப்படிப் பார்த்துப் பார்த்துச் சமைத்த சாப்பாடு, மறு பாதிக்கு ஆலோசனைத் துண்டறிக்கை மட்டும். சாப்பாடு கிடைத்தவர்களுக்கு ஒரு வகைத் தாலேட் குறைவதற்குப் பதில் சுமார் 25 மடங்கு ஏறிவிட்டது! சாமான்களை எடுத்துச் சோதித்துப் பார்த்தால், அரைத்த மல்லித்தூளில் எக்கச்சக்கமாக இருந்தது. அரைக்கிற இடத்திலா, குழாயிலா, பையிலா, எங்கே ஏறியதோ. வீட்டுக்குள் நாம் என்னதான் பூட்டுப் போட்டாலும் நம் கைக்கு எட்டாத இடத்தில் ஒரு கதவு திறந்தே இருக்கிறது என்று அதைப் படித்துத் தளர்ந்திருக்க வேண்டும். நான் தளரவில்லை. கீழமாசி வீதியில் முழு மல்லி வாங்கி, மொட்டைமாடியில் காயவைத்து, எவர்சில்வர் தூக்கில் எடுத்துக்கொண்டு மாவு மில்லுக்குப் போய்ப் பக்கத்தில் நின்று அரைத்து வாங்கினேன்.

நான் என்று எழுதிவிட்டேன். மில்லில் போய் நின்றது முத்தக்கா. மாடியில் காக்காய் விரட்டியதும் அவர்தான். தூசியில் தாலேட் தங்கும், பெருக்கினால் பறக்கும், ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும் என்று படித்துவிட்டு ஒரு வேளை துடைப்பதை இரண்டு வேளை ஆக்கியது நான். குனிந்து துடைத்தது அவர். கண்ணாடி ஜாடிகளைக் கழுவும்போது ஒன்று கை நழுவி உடைந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். சம்பளம் அதே சம்பளம்.

வீட்டை விட்டு வெளியேற்றியதெல்லாம் எங்கே போயிற்று? இரண்டு சாக்கில் முத்தக்கா வீட்டுக்குப் போயிற்று. நான்தான் கொடுத்தேன். நல்ல டப்பாக்கள், மூடி எல்லாம் சரியாக இருந்தன, குப்பையில் போட மனசு வரவில்லை. அந்த ‘மனசு வரவில்லை’ என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். என் மகள் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஆகாது என்று முடிவு செய்த சாமானை, அவர் மகள் வீட்டுக்கு அனுப்ப அதே மனசு தாராளமாக வந்தது. முத்தக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம். ஆட்டோவுக்கு நானே காசு கொடுத்தேன். அன்றைக்குச் சாயங்காலம் ஏதோ தான தர்மம் செய்த மாதிரி ஒரு நிறைவுகூட எனக்கு இருந்தது.

பால் பாட்டில் அந்தச் சாக்கில் இல்லை. அது தனி.

மூத்த பேரனுக்கு 2012-இல் வாங்கிய மூன்று பாலிகார்பனேட் பாட்டில்கள், நிப்பிள் கழற்றி, பரணில் ஒரு துணிப்பையில் இருந்தன. 2015-இலேயே இந்தியத் தர நிர்ணய அமைவனம் பால் பாட்டிலில் பிபிஏ இருக்கக் கூடாது என்று தரநிலையைத் திருத்திவிட்டது. ஐரோப்பாவில் அதற்கு நாலு வருடம் முன்பே தடை. எனக்கு இதெல்லாம் அத்துப்படி. வரப்போகிற பேரப்பிள்ளைக்குக் கண்ணாடி பாட்டிலும், ஒரு வெள்ளிப் பாலாடையும் வாங்கி வைத்தாயிற்று. பழைய மூன்றையும் தூரப் போடுவதற்காகத்தான் கீழே இறக்கினேன்.

முத்தக்காவின் மகளுக்கு அப்போது பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம். ஜவுளிக்கடை வேலை, திரும்பப் போகாவிட்டால் இடம் போய்விடும். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது முத்தக்காவின் மாமியார். ஆகவே புட்டிப்பால். அடுப்படி வாசலில் நின்றுகொண்டு கேட்டார்:

“டீச்சர், தம்பிக்குக் குடுத்த பாட்டிலு சும்மாதான கெடக்கு? எடுத்துக்கிறவா?”

ஒரு நிமிடம், அதற்குக் குறைவாகவே இருக்கும், வாயில் ஒரு வார்த்தை வந்து நின்றது. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால், அன்றைக்குக் கொடுத்த இரண்டு சாக்கு? அதை நான் யோசித்தேன். தெளிவாக யோசித்தேன். புது பாட்டில் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கலாம் என்பதும் தோன்றத்தான் செய்தது; அவ்வளவு தூரம் எதற்கு என்று அதற்கும் ஒரு பதில் உள்ளேயே வந்தது.

“எடுத்துக்கோ முத்து. நல்லா கொதிக்க வச்சுக் குடு” என்றேன்.

எனக்குப் பின்னால் சுவரில் அந்த நாள்காட்டி தொங்கிக்கொண்டிருந்தது.

மறு வருடம் அந்தக் குழந்தைக்குக் காதுகுத்து. வைகைக்கு அந்தப் பக்கம், செல்லூரில் வீடு. போனேன், மொய் எழுதினேன். சாப்பிட்டுக் கை கழுவப் பின்கட்டுக்குப் போனால், அடுப்பில் ஒரு அலுமினியச் சட்டியில் தண்ணீர் தளதளத்துக்கொண்டிருந்தது. அதற்குள் என் பாட்டில்கள். மூன்றும் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு கடகடவென்று ஆடின. எங்கள் வீட்டுப் பரணில் இருந்தபோது கண்ணாடி மாதிரி இருந்தவை. இப்போது உடம்பெல்லாம் மங்கி, கண்ணில் புரை விழுந்த மாதிரி வெள்ளையாகியிருந்தன. பக்கவாட்டில் அச்சடித்திருந்த வாத்துப் படம் பாதி உரிந்துவிட்டது. முத்தக்கா இடுக்கியால் ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

“நீங்க சொன்ன மாதிரி தெனம் மூணு தடவ கொதிக்க வச்சிர்றேன் டீச்சர். இதுவரைக்கும் பிள்ளைக்கு ஒருநாள்கூட வயித்துக்கு ஒண்ணும் ஆனதில்ல.”

நான் நல்லது என்றேன். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம் பல மாதம் எனக்கு நானே வக்கீலாக இருந்தேன். படித்தவளுக்குச் சாக்குப்போக்குக்கா பஞ்சம்? பிபிஏ உடம்பில் தங்காது, ஐந்தாறு மணி நேரத்தில் பாதி போய்விடும், ஒரு நாளில் அநேகமாக முழுக்க வெளியேறிவிடும் என்பேன். (தினம் மூன்று வேளை திரும்ப உள்ளே போனால் என்ன கணக்கு என்று எந்த மாணவியாவது கேட்டிருந்தால் சபாஷ் சொல்லியிருப்பேன்.) அமெரிக்க எஃப்டிஏ 2012-இல் பால் பாட்டிலுக்கான அனுமதியை நீக்கியபோதுகூட ஆபத்து என்று சொல்லவில்லை, தயாரிப்பாளர்களே அந்தப் பிளாஸ்டிக்கைக் கைவிட்டுவிட்டார்கள் என்றுதான் காரணம் காட்டியது என்பேன். விஞ்ஞானிகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லையே என்பேன். எல்லாம் உண்மை. ஆனால் என் பேத்தி விஷயத்தில் இந்த உண்மைகளில் ஒன்றையும் நான் கையில் எடுக்கவில்லை. அங்கே எனக்குச் சந்தேகம் ஒன்றே போதுமானதாக இருந்தது. மிக மோசமான வாதம் இது: அவர்கள் இருக்கிற சூழலில், சாக்கடை, கொசு, ரேஷன் அரிசி, இதில் பாட்டில்தானா பெரிசு? இதை நான் வெளியே சொன்னதில்லை. மனசுக்குள் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவைக்கு மேல்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்ததே, அதையொட்டி முந்தைய டிசம்பரில் எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். பைக்கு மட்டும் தடை வந்தால் போதுமா, வீட்டுக்குள் இருக்கிற பிளாஸ்டிக்கைப் பற்றி டீச்சர் பேசட்டும் என்றார்கள். எனக்குக் கசக்குமா? ஆனால் கையில் பிடித்துக் காட்ட ஒரு சாமான் வேண்டும். சோதனைக்கூடமும் மாதிரியும் இல்லாமல் நான் பாடம் நடத்தியதே இல்லை. என் வீட்டில்தான் ஒரு துண்டு பாலிகார்பனேட்கூட இல்லையே.

முத்தக்காவிடம் கேட்டேன். “அந்தப் பால் பாட்டில்ல ஒண்ணு நாளைக்குக் கொண்டு வாயேன். ஒரு வேலை இருக்கு.”

இதை எப்படி என் வாய் கேட்டது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவருக்குக் காது கேட்கும், தமிழ் புரியும் என்பதே எனக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

கொண்டு வந்தார். துவைத்த துண்டில் சுற்றி, கழுவிக் காயவைத்து. கூட்டத்துக்கு டீ போட்டுக் கொடுக்கவும் அவரைத்தான் ஏற்பாடு செய்திருந்தோம். முப்பது பேர் இருப்பார்கள். நான் பாட்டிலைத் தூக்கிப் பிடித்து, அடியில் முக்கோணத்துக்குள் 7 என்று போட்டிருப்பதைக் காட்டினேன். மங்கலைப் பாருங்கள் என்றேன். கிளீவ்லாந்து எலிக் கதையைச் சொன்னேன், 55 மடங்கு சொன்னேன். சூடு, எண்ணெய்ப் பசை, புளிப்பு, இந்த மூன்றையும் பிளாஸ்டிக் பக்கம் விடாதீர்கள், உலர்ந்த அரிசி பருப்புக்கு அவ்வளவு பயம் வேண்டாம் என்றேன். “இதுல ஒரு பச்சப்பிள்ளைக்குப் பால் குடுப்பாங்களா, யோசிச்சுப் பாருங்க” என்றும் கேட்டேன். கை தட்டினார்கள். பின்வரிசைக்கும் பின்னால், டீத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு முத்தக்கா நின்றிருந்தார்.

எல்லோரும் போன பிறகு நாற்காலிகளை அடுக்கிவிட்டு மேஜைப் பக்கம் வந்தார்.

“டீச்சர், பாட்டில எடுத்துட்டுப் போகவா, வேணாமா?”

கோபம் இல்லை, குத்தல் இல்லை. சாமான் விஷயம் பேசுகிற குரல். நான் வேண்டாம், இங்கேயே இருக்கட்டும் என்றேன்.

“அப்ப வீட்ல இருக்கிற ரெண்டையும் தூரப் போட்டுர்றேன்” என்றார். கொஞ்சம் நின்று, “டப்பாவுல அரிசி பருப்பு போடலாம்ல? சுடுசோறு போடாம?” என்று கேட்டார். முப்பது பேரில் நான் சொன்னதைச் சரியாகப் பிடித்துக்கொண்டவர் அவர்தான். போடலாம் என்றேன். துண்டை உதறி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். மறுநாள் காலை ஏழரை மணிக்கு வழக்கம்போல வந்து ஈரத்துணியைப் பிழிந்தார்.

மன்னிப்புக் கேட்டேனா? அடுத்த தீபாவளிக்கு, போனஸோடு ஒரு எவர்சில்வர் டிபன் செட், இரண்டு தண்ணீர் பாட்டில், ஒரு பெரிய தூக்கு வாங்கிக் கொடுத்தேன். எதுக்கு டீச்சர் இவ்வளவு என்றார். சும்மாதான் முத்து என்றேன். ‘சும்மாதான்’ என்ற சொல்லைத் தாண்டி என் நாக்கு நகரவில்லை. சம்பளத்தை உயர்த்தினேன், அதையும் விலைவாசி மேல் போட்டுவிட்டேன்.

அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆயிற்றா என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை, நன்றாகப் படிக்கிறாள். எட்டு வயதுப் பெண். அவள் நன்றாக இருப்பதை என் கணக்கில் வரவு வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை என்பது தெரிந்தும் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் ஒரு பெருமூச்சு விடுகிறேன். 2023-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பிபிஏவுக்கான அன்றாட வரம்பை ஒரேயடியாக 20,000 மடங்கு குறைத்தது. ஒரு கிலோ உடல் எடைக்கு 4 மைக்ரோகிராம் என்று இருந்ததை 0.2 நானோகிராம் ஆக்கினார்கள். அது மிகை என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் மறுத்தது. இரண்டையும் படித்தேன். பேப்பர், பேனா எடுத்து அந்தப் பிள்ளையின் எடை, பாலின் அளவு என்று போட்டுப் பார்க்க உட்கார்ந்தேன். பாதியில் எழுந்துவிட்டேன்.

போன மாதம் கீழ் வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் கைக்குழந்தையோடு மாடிப்படியில் நின்றிருந்தாள். கையில் ஏதோ பழைய பால் பாட்டில். முத்தக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அதை வாங்கித் தலைகீழாகத் திருப்பி, அடியில் இருக்கிற முக்கோணத்தைத் தேடினார். நான் உள்ளே காபி வடிகட்டிக்கொண்டிருந்தேன். சன்னல் வழியாகக் கேட்டது.

“இந்த 7 போட்டது வேணாம் தாயி. என் பேத்திக்கு நானே ஒன்ற வருசம் இதுலதான் குடுத்தேன், அறியாம. டீச்சர்தான் குடுத்தாக. பாவம், அவுகளுக்கே அப்புறந்தான தெரிஞ்சுச்சு.”

காபியை இரண்டு டம்ளரில் ஊற்றினேன். ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் கொடுத்தேன். சர்க்கரை போதுமா என்று மட்டும் கேட்டேன்.